ரம்பத்துக்கும் பல் டாக்டர் உண்டு!

உங்கள் ஆபீஸிலும் ஒருவர் இருப்பார். காலை பதினொரு மணி டீ வந்ததும் நாற்காலியை உங்கள் மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அன்னிக்கு ஒருநாள் நான் திருச்சி போயிருந்தேன் பாருங்க..." என்று ஆரம்பிப்பார். டீ ஆறி, ஆடை கட்டி, அதில் ஓர் ஈயும் விழுந்து பிராணனை விட்டிருக்கும். அவர் இன்னும் விழுப்புரத்தையே தாண்டியிருக்க மாட்டார். அவர் வருவதைத் தூரத்தில் பார்த்ததுமே பக்கத்து சீட்காரர் கிசுகிசுப்பார்: "ரம்பம் வருதுடா!"

பயப்படாதீர்கள். இது அந்த ரம்பம் பற்றிய கட்டுரை அல்ல. நிஜ ரம்பம். பெட்ரோல் ஊற்றிக் கயிற்றைச் சுண்டினால் 'ர்ர்ரூம்' என்று ஊரையே எழுப்புகிற செயின் ரம்பம். இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஆபீஸ் ரம்பம் போடப் போடக் கூர்மையாகும். செயின் ரம்பம் போடப் போட மழுங்கும். அதுவும் ஒரு டாங்க் பெட்ரோல் தீருவதற்குள்ளேயே!

எண்ணூர் விரைவுச் சாலையில், வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளை எல்லாம் தாண்டி வடக்கே போய்க்கொண்டே இருந்தால், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற இடம் வரும். அங்கேதான் முகத்துவாரக்குப்பம். பேரே முகவரி! ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கழிமுகம், எதிர்க்கரையில் காமராஜர் துறைமுகத்தின் கிரேன்கள். மீன்பிடி ஊரில் மரம் அறுக்கிற ரம்பத்துக்கு என்ன வேலை என்று கேட்டால், பதில் இரண்டு புயல்களில் இருக்கிறது.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது ஞாபகம் இருக்கும். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாலையில் படுத்துவிட்டன. அந்த வாரம் நகரம் முழுக்கக் கேட்ட ஒரே சங்கீதம் செயின் ரம்பம்தான். அப்போது கற்றுக்கொண்ட தொழிலை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் பலர். அடுத்து 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் எண்ணூர் கழிமுகத்துக்குள் வந்து, படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாவற்றிலும் தார் பூசியது மாதிரி அப்பிக்கொண்டது. கடலுக்குப் போக முடியாத நாட்களில் கரையில் கிடைக்கிற வேலைதானே சோறு போட வேண்டும்?

அப்படி ஒருவரைத்தான் பார்த்தேன். நாற்பது வயசிருக்கும். பாதி நாள் கடல், பாதி நாள் மரம். "பேரு கீரு போட்டுடாதீங்கோ சார், கடன் குடுத்தவன் எல்லாம் வார பத்திரிகை படிக்கிறான்" என்றார். எனவே அவர் இந்தக் கட்டுரையில் வெறும் 'அண்ணன்'.

அண்ணன் வாசலில் ஒரு பெரிய பூவரச மரம் கிடந்தது. உறவினர் வீட்டுக் கொல்லையில் காற்றில் சாய்ந்ததாம். விறகுக் கடைக்காரர் வந்து பார்த்து, எடைக்கு ஒரு விலை சொல்லியிருக்கிறார். பலகையாகப் போட்டால் கன அடிக் கணக்கு. விறகாகப் போட்டால் கிலோக் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில்தான் ஒரு குடும்பத்தின் ஒரு மாசச் செலவு இருக்கிறது. கூர்மையான செயின் இருந்தால் அந்தப் பள்ளத்தைத் தாண்டலாம். மழுங்கின செயினோடு தாண்டப் பார்த்தால் மரமும் வீண், மெஷினும் வீண்.

"மெஷினு பெருசா சின்னதான்னு அல்லாரும் கேக்குறாங்கோ. பல்லு எப்பிடி கீதுன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்றார் அண்ணன்.

சரி, நாம் கேட்போம்.

துண்டு போடுவது வேறு, பலகை போடுவது வேறு

ஈர்க்குத் துடைப்பம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். (மனைவி பார்த்தால் கட்டுரையைக் காட்டுங்கள். நம்ப மாட்டார், இருந்தாலும் காட்டுங்கள்.) மரம் என்பது கிட்டத்தட்ட இதுதான், ஆயிரக்கணக்கான ஈர்க்குகளின் கட்டு. துடைப்பத்தைப் பக்கவாட்டில் வைத்துக் குறுக்கே அறுத்தால் அது துண்டு போடுவது. விழுந்த மரத்தை ரோட்டிலிருந்து அப்புறப்படுத்துகிறவர்கள் செய்வது இதைத்தான். ரம்பத்தின் பல் ஈர்க்கின் விலாவில் இறங்கி, சீவிச் சீவி எடுக்கும். சுலபம்.

பலகை போடுவது அப்படி இல்லை. அடிமரத்தின் ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை நெடுக்காகப் போக வேண்டும். இப்போது துடைப்பத்தின் அத்தனை நுனிகளும் பல்லுக்கு நேராக நிமிர்ந்து நிற்கின்றன. ஒவ்வொரு நுனியையும் பல் வெட்டியாக வேண்டும். என்ஜின் ஒரு நிமிஷம்கூட மூச்சு விடாமல் முழு வேகத்தில் ஓட வேண்டும். ஆறடி நீளம் என்றால் ஆறடிக்கும் இதே கதை.

கடையில் வாங்குகிற சாதாரணச் செயினின் பல்லை மேலேயிருந்து பார்த்தால், வெட்டும் விளிம்பு சுமார் 30 டிகிரி சாய்வாக இருக்கும். குறுக்கே அறுக்க அதுதான் சரி. அந்தச் சாய்வோடு நெடுக்கே போனால் என்ன ஆகும்? இடப்பக்கப் பல் ஒரு பக்கம் இழுக்கும், வலப்பக்கப் பல் இன்னொரு பக்கம் இழுக்கும். மாமியாரும் மருமகளும் ஒரே புடவையைப் பிடித்த மாதிரி! பலகையின் முகம் துவைக்கிற கல் போல வரிவரியாக வந்து சேரும். அதைச் சமமாக இழைக்கிற கூலி, அறுத்த கூலியைத் தின்றுவிடும்.

அதனால் பலகை போடுகிற செயினில் இந்தச் சாய்வை 10 டிகிரிக்குக் குறைத்துவிடுகிறார்கள். விளிம்பு ஏறக்குறைய நேராக, உளி மாதிரி நிற்கும். பக்கவாட்டு இழுப்பு குறையும், முகம் வழவழப்பாக வரும். இதற்கென்றே 'ரிப்பிங் செயின்' என்று தனியாக விற்கிறது. கிடைக்காவிட்டால் கவலையில்லை. சாதாரணச் செயினையே ஒவ்வொரு முறை தீட்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக 10-க்குக் கொண்டுவந்துவிடலாம். ஒரே நாளில் கொண்டுவரப் பார்த்தால் பாதிப் பல் தூளாகப் போய்விடும்.

புழு சொல்லிக் கொடுத்த பல்

இந்தப் பல் ஏன் கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது தெரியுமா? அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்று ஒரு மரம் வெட்டி இருந்தார். அவர் காலத்துச் செயின் பற்கள் மரத்தைச் சுரண்டும், அடிக்கடி மழுங்கும். வெட்டுகிற நேரத்தைவிடத் தீட்டுகிற நேரம் அதிகம். 1946-ல் ஒருநாள் ஒரு மரத்துண்டில் வண்டுப் புழு ஒன்று தின்றுகொண்டிருப்பதை உட்கார்ந்து கவனித்தார். அது நார் வாக்கில் போகிறதா, குறுக்கே போகிறதா என்று பார்ப்பதே இல்லை. வளைந்த இரண்டு தாடைகளால் இடம், வலம், இடம், வலம் என்று மென்றுகொண்டே போகிறது. அதைப் பார்த்து 1947-ல் செயின் செய்து விற்க ஆரம்பித்தார். இன்றைக்கும் நாம் வாங்குகிற செயினில் இடதும் வலதுமாக மாறி மாறி வருகிற பல் அந்தப் புழுவின் தாடைதான்.

இன்னொரு செய்தி. இதைப் படித்த பிறகு தூக்கம் வராவிட்டால் நான் பொறுப்பல்ல. சங்கிலியில் பல் வைத்து அறுக்கிற யோசனை முதலில் வந்தது மரத்துக்கு அல்ல, எலும்புக்கு! 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து டாக்டர்கள் கையால் இழுக்கிற சங்கிலி ரம்பத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதில் ஒரு உபயோகம் கஷ்டப் பிரசவத்தில் இடுப்பு எலும்பை விரிப்பது. சிசேரியன் கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே போவோம்.

எந்தச் செயின்?

பாரிமுனைப் பக்கம் ஹார்ட்வேர் கடையில் போய் "ஒரு செயின் கொடுங்க" என்றால், கடைக்காரர் மூன்று கேள்வி கேட்பார். பிட்ச் என்ன, கேஜ் என்ன, எத்தனை கண்ணி? முழிக்க வேண்டாம். அடுத்தடுத்து வருகிற மூன்று ரிவிட்டுகளின் தூரத்தை அளந்து இரண்டால் வகுத்தால் பிட்ச். பெரிய மெஷின்களில் பெரும்பாலும் 'த்ரீ பை எய்ட்', அதாவது அங்குலத்தில் எட்டில் மூன்று. பட்டையின் பள்ளத்துக்குள் உட்கார்ந்து ஓடுகிற கண்ணியின் தடிமன்தான் கேஜ். 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று வரும். தடித்த பள்ளத்தில் மெல்லிய செயினைப் போட்டால், அளவு தெரியாமல் வாங்கின செருப்பு மாதிரி ஆடும், பலகையும் கோணும். பட்டையின் அடியிலேயே இவை பொறித்திருக்கும். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனால் போதும்.

அடுத்தது பல்லின் மூலை. கூரான சதுர மூலை உள்ளது 'ஃபுல் சிசல்'. வேகமாக வெட்டும். ஆனால் மண், மணல் பட்டால் மூலை உடனே போய்விடும். மூலை சற்று உருண்டிருப்பது 'செமி சிசல்'. வேகம் கொஞ்சம் குறைவு, கூர்மை நீடிக்கும். எண்ணூரில் எதை வாங்குவது என்று கேட்கவே வேண்டாம். கடற்கரை மணல் பட்டைக்குள் புகுந்திருக்கும். அது போதாதென்று அனல் மின் நிலையச் சாம்பல் பல வருஷமாக இந்த வட்டாரத்தில் படிந்திருக்கிறது. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அந்தக் காலத்து மரங்களின் பட்டை இடுக்கில் சேர்ந்ததை யார் போய்ப் பெருக்குவது? மணலிலும் சாம்பலிலும் இருப்பது சிலிக்கா. இரும்புக்கு அது உப்புக் காகிதம். அண்ணன் அறுக்கும் முன்னால் அறுப்புக் கோடு போகிற இடத்தில் எல்லாம் அரிவாளால் பட்டையைச் சீவி, ஒரு வாளித் தண்ணீர் அடித்துக் கழுவுகிறார். பத்து நிமிஷ வேலை. அரை மணி நேரத் தீட்டல் மிச்சம்.

அதைவிடக் கொடுமை ஆணி. நம் ஊர் மரம் வெறும் மரமா? நோட்டீஸ் போர்டு! 'வீடு வாடகைக்கு', 'ஸ்போக்கன் இங்கிலீஷ் 30 நாளில்', 'மூலம், பௌத்திரம்' என்று ஒவ்வொரு தகரத்துக்கும் நாலு ஆணி. தகரம் துருப்பிடித்து விழுந்துவிடும். ஆணியை மரம் விழுங்கிவிடும். சாலை மரம் என்றால் பல ரம்ப மில்களில் உள்ளே விடவே யோசிப்பது இதனால்தான். வெட்டு முகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். ஒரே ஒரு ஆணி, ஒரே ஒரு விநாடி... பளிச்சென்று ஒரு பொறி. அத்தனை பல்லும் காலி.

வலிக்காமல் பல் தீட்டுவது எப்படி?

இனி கட்டுரையின் முக்கியமான இடம். மேனேஜர் வருகிறாரா என்று ஒரு முறை பார்த்துவிட்டுப் படியுங்கள்.

வேண்டியது ஒரு உருண்டை அரம், ஒரு பட்டை அரம், ஒரு கோணக் கைடு, ஒரு மார்க்கர் பேனா, தடித்த கையுறை. உருண்டை அரத்தின் பருமன் செயினுக்குப் பொருந்த வேண்டும். த்ரீ பை எய்ட் செயினுக்கு 5.5 மில்லிமீட்டர் (சில கம்பெனிகள் 5.2 சொல்வார்கள்), அதற்கு அடுத்த சின்ன சைசான பாயிண்ட் 325-க்கு 4.8, வீட்டு உபயோகக் குட்டி மெஷினில் வரும் தாழ்ந்த பல் செயினுக்கு 4. அரத்தைப் பல்லின் வளைவில் வைத்தால், அதன் பருமனில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தட்டுக்கு மேலே தெரிய வேண்டும். அதற்கு மேல் தெரிந்தால் பல் மொண்ணையாகும். முழுக்க உள்ளே அமுங்கினால் பல் கொக்கியாகி மரத்தைக் கவ்விப் பிடிக்கும்.

அண்ணன் ஒரு மரத்துண்டில் பிளவு போட்டு, அதில் பட்டையைச் செருகி அசையாமல் நிறுத்துகிறார். முதல் பல்லில் மார்க்கரால் ஒரு புள்ளி. இல்லாவிட்டால் எங்கே ஆரம்பித்தோம் என்று தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே தள்ளு. திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் மழுங்குவது அரம்தான்.

"பல்லு வெளக்குற மாரி வெளக்காதீங்கோ சார். கடுதாசி போடுற மாரி ஒரே தள்ளு, வுட்டுடு" என்றார்.

20 அங்குலப் பட்டைச் செயினில் 72 ஓட்டுக் கண்ணி என்றால் 36 பல். இடது 18, வலது 18. பல்லுக்கு மூன்று தள்ளு வீதம் 108. அர்ச்சனை மாதிரி! முதலில் ஒரு பக்கத்துப் பல் எல்லாம். பிறகு மெஷினைத் திருப்பி மறுபக்கம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். வலது கைக்காரருக்கு ஒரு பக்கம் அழுத்தம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் விழும். ஒரு பக்கப் பல் குட்டையாகிவிட்டால் ரம்பம் நேரே போகாது. ஒரு முனையில் ஓர் அங்குலமாக ஆரம்பித்த பலகை மறுமுனையில் முக்கால் அங்குலமாக முடியும். அண்ணன் இருப்பதிலேயே குட்டையான பல்லைத் தேடிப் பிடித்து, வெர்னியரால் அளந்து, மற்ற 35-ஐயும் அதன் உயரத்துக்குக் கொண்டுவருகிறார். ஆபீஸிலும் சம்பள உயர்வு இப்படித்தான் கணக்கிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

பல்லுக்கு முன்னால் சின்னத் திமில் மாதிரி ஒன்று நிற்கும். டெப்த் கேஜ். ஒரு தடவைக்குப் பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று நிர்ணயிக்கிற கணக்கப்பிள்ளை அதுதான். பல்லின் உச்சியைவிட அது சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். உங்கள் ஏ.டி.எம். கார்டு முக்கால் மில்லிமீட்டர். அதைவிட ஒரு துளி குறைவு. பல் தீட்டத் தீட்ட உயரம் குறையுமல்லவா? எனவே நாலைந்து தீட்டலுக்கு ஒரு முறை பட்டை அரத்தால் திமிலையும் இறக்க வேண்டும். இறக்காவிட்டால் எவ்வளவு கூர்மையான பல்லும் மரத்தின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். "சீக்கிரம் வெட்டட்டுமே" என்று நிறைய இறக்கினால் ஒவ்வொரு பல்லும் ஒரு கவளம் அதிகமாக விழுங்கி, என்ஜின் திணறும், ரம்பம் உதறும். அந்த உதறலில்தான் ஆபத்து.

எப்போது தீட்டுவது? பலகை அறுப்பில் ஒரு டாங்க் பெட்ரோலுக்கு ஒரு தடவை. பெரிய அடிமரம் என்றால் ஒரு பலகைக்கு ஒரு தடவை. கண்ணுக்கும் அடையாளம் உண்டு. நல்ல பல் துருவல் கொடுக்கும். கெட்ட பல் மாவு கொடுக்கும். மாவோடு புகையும் வந்தால், நீங்கள் அறுக்கவில்லை, தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மெஷினைத் தள்ள வேண்டியிருந்தால் அப்போதே நிறுத்திவிட வேண்டும்.

வரவு - செலவு

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். இரண்டடி, அதாவது 600 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சதுரம் பிடித்த மரம். 25 மில்லிமீட்டர் பலகை வேண்டும். சாதாரண த்ரீ பை எய்ட் செயின் ஒரு அறுப்புக்குச் சுமார் 9 மில்லிமீட்டரைத் தூளாக்கும். 17 பலகை கிடைக்கும். தாழ்ந்த பல் மெல்லிய செயின் என்றால் தூள் ஆறரை, பலகை 19. மில்லில் உள்ள பேண்ட் ரம்பம் இரண்டே மில்லிமீட்டர்தான் தின்னும்; பலகை 22.

அப்படியானால் மில்லுக்கே போகலாமே? போகலாம், மரத்தை அங்கே கொண்டுபோக முடிந்தால். இரண்டடி தடித்த மரத்தைக் குப்பத்துச் சந்திலிருந்து தூக்க கிரேன் வேண்டும், லாரி வேண்டும். செயின் ரம்பம் அண்ணனின் டி.வி.எஸ். எக்ஸ்.எல். பின்சீட்டில் மரத்தைத் தேடி வந்துவிடுகிறது. பட்டையோடு ஒரு இரும்புச் சட்டத்தை முடுக்கி, முதல் அறுப்புக்கு மட்டும் மரத்தின் மேல் ஒரு அலுமினிய ஏணியைப் படுக்கவைத்து, அதன்மேல் சட்டத்தை ஓட்டுகிறார். இரண்டாவது அறுப்பிலிருந்து முதல் அறுப்பின் முகமே தண்டவாளம். தூளில் ஐந்து பலகை போனாலும் விறகு விலையோடு ஒப்பிட்டால் லாபம்தான். ஆனால் செயினை ஆணியில் விட்டால் அந்த லாபத்தில் புதுச் செயின் வாங்கத்தான் சரியாக இருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். சாலை ஓரத்து மரம் விழுந்துவிட்டதே என்று பலகை போடக் கிளம்பிவிடாதீர்கள். படுத்திருந்தாலும் அது மாநகராட்சி மரம்தான்.

லுங்கி கூடாது!

முழு வேகத்தில் செயின் விநாடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 72 கிலோமீட்டர், பல்லோடு! பட்டையின் நுனி மேல்பாகம் எதிலாவது பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும். அதற்குள் கையை எடுத்துவிடலாம் என்று நினைக்க நேரம் கிடைக்காது. இந்த நிலையில் நம் ஆட்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஹவாய் செருப்போடு, காதில் பஞ்சுகூட இல்லாமல் அறுப்பதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. லுங்கி நுனி செயினில் மாட்டினால் இழுபடுவது லுங்கி மட்டுமல்ல. கண்ணாடி, காது மூடி, பூட்ஸ், கனத்த பேன்ட் எல்லாம் சேர்த்து வாங்கினாலும் ஒரு நாள் ஆஸ்பத்திரிச் செலவு ஆகாது.

அண்ணனின் இடது கை ஆள்காட்டி விரலில் ஒரு நீளத் தழும்பு. "மெஷினு ஓடும்போது ஒண்ணும் ஆவல சார். தீட்டும்போதுதான். கிளவுஸ் போடாம அரத்த தள்ளினேன், வழுக்கிட்ச்சி. தோ, பல்லு எவ்ளோ கூர்னு அன்னிக்கித்தான் தெரிஞ்சிது" என்றார், சிரித்துக்கொண்டே.

அந்தப் பூவரசிலிருந்து பதினோரு பலகை வந்தது. படகில் பூவரசுக்கு எப்போதும் மரியாதை உண்டு, தண்ணீருக்கு அசராது. ஃபைபர் படகுகள் வந்துவிட்ட பிறகும் காசிமேட்டில் பழைய மரப் படகுகளைப் பழுது பார்க்கிறவர்களுக்கு இது தேவைப்படுகிறது. ஆனால் உடனே விற்க முடியாது. பலகைக்குப் பலகை நடுவில் ரீப்பர் கட்டை வைத்து, காற்றுப் போக இடம் விட்டு, முனைகளில் வெடிப்பு வராமல் பழைய பெயின்ட் அடித்து, நிழலில் அடுக்கியிருக்கிறார். ஓர் அங்குலப் பலகை காய ஏறக்குறைய ஒரு வருஷம் என்பது கணக்கு. அடுக்கின தேதியை ஒவ்வொரு பலகையின் தலையிலும் சாக்பீஸால் எழுதியிருக்கிறார்.

விறகுக் கடைக்காரர் மறுபடியும் வந்தாராம். வெளிப்பட்டைத் துண்டுகளை மட்டும் எடைபோட்டு வாங்கிப் போனாராம்.